பழைய புளி, பழைய நெய், பழைய பெட்ரோல்

அறுபதுகளில் நான் செஞ்சிக் கடைவீதியில் காகிதக் கடை வைத்திருந்தேன். நோட்டுப் புத்தகம், மைப்புட்டி, பஞ்சாங்கம், கல்யாணப் பத்திரிகை அட்டை. வியாபாரம் மந்தமாக இருந்ததால் நிறையப் படித்தேன். நிறையப் படித்ததால்தான் வியாபாரம் மந்தம் என்பது என் மனைவியின் கட்சி. எது முதலில் வந்தது என்ற வழக்கு இன்னும் எங்கள் வீட்டில் நிலுவையில் இருக்கிறது.

இந்தப் படிப்பு எனக்கு வாங்கிக் கொடுத்த ஒரே பதவி, வியாபாரிகள் சங்கத்துச் செயலாளர் பதவி. அதற்குக் காரணம் ஒரு எஞ்சின்.

ஒரு கோடையில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் யாரோ அணைக்காமல் போட்ட பீடியால் நான்கு கீற்றுக் கொட்டகைகள் எரிந்து போயின. ஆளுக்குச் சேதமில்லை. ஆனால் கடைவீதி பயந்துவிட்டது. சங்கம் கூடியது, பணம் திரட்டியது, சென்னைக்கு ஆள் அனுப்பியது. பழைய பட்டாளத்துச் சாமான் விற்கும் இடத்திலிருந்து ஒரு தீயணைப்புப் பம்பு வந்து சேர்ந்தது. இரண்டு சக்கரத்தின் மேல் கன்றுக்குட்டி அளவில் ஒரு பெட்ரோல் எஞ்சின். ஒரு பக்கம் கிணற்றில் விடக் குழாய், மறுபக்கம் பீய்ச்சி அடிக்கக் குழாய். கயிற்றைச் சுற்றி இழுத்தால் ஓடும். கூடவே ஆங்கிலத்தில் ஒரு சின்னப் புத்தகம். யாரும் அடிக்காமலேயே புத்தகம் படிக்கிற ஆள் கடைவீதியில் நான் ஒருவன்தான் என்பதால், புத்தகமும் செயலாளர் பதவியும் சேர்ந்து என் தலையில் விழுந்தன.

அடுத்த கேள்வி, எஞ்சினை எங்கே வைப்பது. பம்பு எல்லோருக்கும் வேண்டும். பெட்ரோல் யாருக்கும் வேண்டாம். சங்கத் தலைவர் மளிகை மண்டிக்காரர். பருப்பில் வாடை ஏறும் என்றார். ஜவுளிக்கடைக்காரர் துணி பற்றிக்கொள்ளும் என்றார். மிட்டாய்க்கடைக்காரர் எழுந்து, தன் கடையில் எந்நேரமும் அடுப்பு எரிவதை நினைவூட்டினார். இப்படி ஒவ்வொருவரும் நியாயமான காரணம் சொல்லி ஒதுங்க, ஊரைத் தீயிலிருந்து காக்க வந்த எஞ்சின், ஊரிலேயே மிகச் சுலபமாகப் பற்றிக்கொள்ளக்கூடிய இடத்தில், அதாவது என் காகிதக் கிடங்கில், வந்து உட்கார்ந்தது. உபரியாக வாங்கிய ஒரு டின் பெட்ரோலைக் கோட்டைக்குப் போகும் வழியில் ஆளில்லாத ஒரு கல் மண்டபத்தில் வைத்தார்கள். கல் எரியாது என்பதில் சங்கத்துக்குள் கருத்து வேற்றுமை இல்லை.

முதல் மூன்று மாதம், மாதத்துக்கு ஒரு தடவை எஞ்சினை ஓட்டிப் பார்த்தோம். தலைவருக்கு அது பொறுக்கவில்லை.

"தீயே இல்லாதப்ப எதுக்குப்பா ஓட்டணும்? பசிக்காதப்ப சோறு துன்ற மாதிரி இருக்குது."

போதாததற்கு, டாங்கில் பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதும் தெரிய வந்தது. சட்டையில் பட்ட மைக்கறையைப் போக்க யாரோ கரண்டி கரண்டியாக எடுத்திருக்கிறார்கள். மைப்புட்டி விற்பவன் கடைவீதியில் நான் ஒருவன்தான் என்பதை நல்லவேளையாக யாரும் யோசிக்கவில்லை. உடனே தீர்மானம் போட்டார்கள். டாங்கை விளிம்புவரை நிரப்பி, மூடியை மஞ்சள் கயிற்றால் கட்டி, மேலே அரக்கு முத்திரை வைக்க வேண்டியது. தீப்பிடித்த அன்றைக்குத்தான் உடைக்க வேண்டியது.

நான் புத்தகத்தைத் திறந்து ஒன்பதாம் பக்கத்தை உரக்கப் படித்தேன். டாங்க் காலியாக இருந்தால் உள்ளே ஈரம் கோக்கும், ஆகவே நிரப்பி வைப்பதே உத்தமம் என்று அதில் இருந்தது. தீர்மானத்துக்கு அச்சடித்த ஆதாரமே கிடைத்துவிட்டதால் கைதட்டினார்கள். கைதட்டலோடு நிறுத்திக்கொள்வது எழுத்தும் படிப்பும் உள்ளவர்களின் பழக்கம். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நான் வேறு புத்தகத்துக்குப் போய்விட்டேன். பத்தாம் பக்கத்தின் தலைப்பு 'நெடுநாள் ஓட்டாமல் வைக்கும்போது' என்பது எனக்கு மூன்று வருஷம் கழித்துத்தான் தெரியும்.

அந்த மூன்று வருஷமும் எஞ்சினுக்குக் குறைவில்லாமல் நடந்தது. வெள்ளிக்கிழமை தோறும் சந்தனம், குங்குமம், கற்பூரம். ஆமாம், கற்பூரம். பெட்ரோல் நிரம்பிய எஞ்சினுக்கு, காகிதக் கிடங்குக்குள், தலைவர் தம் கையாலேயே காட்டுவார். நான் ஒரு வாளித் தண்ணீரோடு பின்னால் பக்தியாக நிற்பேன்.

சீல் வைத்த பெட்ரோலைப் பற்றித் தலைவருக்கு ஒரு பெருமிதம் வளர்ந்து வந்தது. அவர் தொழில் அப்படி. புது அரிசி குழையும், பழைய அரிசிதான் உதிரும். புளி பழசானால் கறுத்து ருசி ஏறும். பழைய வெல்லமும் பழைய நெய்யும் வைத்தியர்கள் தேடி வந்து வாங்கும் சரக்கு. அவர் கடையில் நாள்பட்டு விலை இறங்கிய பண்டமே கிடையாது.

"மூணு வருசத்துச் சரக்குப்பா இது," என்பார், எஞ்சினைத் தட்டிக்கொடுத்து. "பழசாவப் பழசாவ வீரியம் ஜாஸ்தி. என்னிக்காவது இத இழுத்துவுட்டோம்னா, தண்ணி ராஜகிரி மல உச்சிக்குப் போவும்."

இதற்குள் வந்தது அந்தத் தாக்கீது. மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி, கோடைக்கு முன்னால் கடைவீதியிலுள்ள கீற்றுக் கொட்டகைகளையெல்லாம் பிரித்துவிட்டுத் தகரம் போட வேண்டும் என்று எழுதியிருந்தார். தலைவர் நேரில் போய் எங்களிடம் பம்பு இருப்பதைச் சொன்னார். அதிகாரி நியாயமான மனிதர். தாமே செஞ்சிக்கு வருவதாகவும், பம்பு தம் கண்ணெதிரே ஓடினால் கொட்டகைகள் இருக்கலாம், ஓடாவிட்டால் மறுநாளே பிரித்துவிட வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

கடைக்காரர்களுக்குக் கீற்று என்பது வாசலில் வெயிலுக்குப் போட்ட சார்ப்பு. பிரித்தால் கொஞ்சம் சிரமம், அவ்வளவுதான். முழுக்கடையும் கீற்றாக இருந்தது ஒருத்திக்குத்தான். என் கடைக்கு எதிரில் இட்லிக்கடை வைத்திருந்த அக்கா. ஊருக்கே அக்கா. கணவர் இல்லை, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்கள். நான்கு மூங்கில் கால், மேலே கீற்று, கீழே இரண்டு பெஞ்சு. தகரம் போட அவளுக்கு வழியில்லை. கூரை போனால் கடையும் போய்விடும்.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள் காலை அக்கா என் கடைக்கு வந்தாள்.

"இன்னா தம்பி, அந்த எஞ்சின் நாளைக்கு ஓடுமா, இல்ல உன்ன மாதிரி ஒக்காந்துனு படிக்குமா?"

"ஓடும்க்கா. நல்ல எஞ்சின்."

"கடசியா எப்ப ஓடிச்சி?"

"மூணு வருஷம் முன்னாடி."

"மூணு வருசம் முன்னாடி எம் மாமியாரு கூடத்தான் ஓடியாடினு இருந்தாங்க. இப்ப படத்துல இருக்குறாங்க."

உடனே மண்டிக்குப் போய்த் தலைவரைக் கூப்பிட்டேன். முத்திரையை ஒரு நாள் முன்னதாக உடைக்க அவருக்கு மனமே இல்லை. அரக்குத் துண்டுகளைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டார். எஞ்சினைக் கொல்லைப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்க் கயிற்றைச் சுற்றி இழுத்தேன். புஸ் என்றது. மறுபடி இழுத்தேன். அதுவும் இல்லை. நாற்பது தடவை இழுத்ததில் அவிழ்ந்தது என் வேட்டி மட்டும்தான்.

அக்கா டாங்க் மூடியருகே குனிந்து முகர்ந்தாள். மாவுப் பானையை முகர்கிற அதே குனிவு.

"இன்னா வாட இது? எம் பொண்ணுங்க பள்ளிக்கூடத்துல பெஞ்சுக்கு வார்னிஷ் அடிச்சாங்களே, அந்த வாட."

"பெட்ரோல்னா அப்படித்தான்க்கா."

"ஜீப்பு கார்லாம் எங்கடை எதிர்லதான் நிக்குது. பெட்ரோலு வாட எனக்குத் தெரியாதா? இது கெட்டுப்போச்சி."

தலைவர் சிரித்தார். "ஏம்மா, பெட்ரோலு இன்னா உன் சட்னியா? பூமிக்கடியில லட்சக்கணக்கான வருசமா கெடந்த சரக்கும்மா அது. அப்ப கெடாதது, நம்ப டாங்குல மூணு வருசம் இருந்தா கெட்டுடுமா?"

நான் அசந்து போனேன். இத்தனை படித்த எனக்கே சரிதானே என்றுகூடத் தோன்றியது. அக்கா யோசிக்கவே இல்லை.

"உளுந்து மூட்டையில வருசக்கணக்கா இருக்கும், மொதலாளி. அரச்சப்புறம் இருக்குமா?"

அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தகம் நினைவு வந்தது. ஓடிப்போய்ப் பத்தாம் பக்கத்தைப் புரட்டினேன். ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டாமல் வைப்பதென்றால் கார்புரேட்டரிலுள்ள பெட்ரோலை வடித்துவிட வேண்டும், நாள்பட்ட பெட்ரோல் பிசினாகி உள்ளே துவாரத்தை அடைத்துவிடும், டாங்கிலும் மாதக்கணக்கில் தேக்காமல் புதிதாக மாற்றிக்கொண்டிருக்க வேண்டும் என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது அது. படம்கூடப் போட்டிருந்தது. அதை நான் மொழிபெயர்த்துச் சொன்னேன்.

"அதத்தான் நா அப்பவே சொன்னனே, எத்தினி பக்கம் படிச்ச?" என்றாள் அக்கா.

டாங்கிலிருந்ததை ஒரு வாளியில் வடித்தோம். தேநீர் நிறத்தில் வந்தது. படத்தைப் பார்த்துக் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினேன். உள்ளே பலாப்பிசின் மாதிரி பழுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. நடுவில் பெட்ரோல் பாயும் ஊசிமுனைத் துவாரம் ஒன்று இருக்க வேண்டும். இருந்த சுவடே இல்லை. நான் அதன் வழியாக வானத்தைப் பார்க்க முயன்றேன். அக்கா கடைக்குப் போய், பம்பு ஸ்டவ்வின் மூக்கில் அடைப்பு எடுக்கும் பின்னைக் கொண்டுவந்தாள். இரண்டு குத்து. வானம் தெரிந்தது. கிண்ணத்தைச் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்தாள்.

இனி நல்ல பெட்ரோல் வேண்டும். கல் மண்டபத்து டின்னைச் சைக்கிளில் கட்டி எடுத்து வந்தேன். திறந்தால் அதே வார்னிஷ். "ரெண்டும் ஒரே நாள் வாங்குனது," என்றார் தலைவர், இன்னும் பெருமை குறையாமல். ஊரில் பெட்ரோல் விற்பவரிடம் போனேன். சரக்கு தீர்ந்துவிட்டது, லாரி நாளை மறுநாள் வரும் என்றார். அதற்குள் திண்டிவனம் போகிற கடைசிப் பஸ்ஸும் போய்விட்டது.

அக்கா தன் கூரையைக் கீழிருந்து ஒரு முறை அண்ணாந்து பார்த்தாள்.

"நாளைக்கு இது ஓடலன்னா நாளன்னைக்கி நீ வந்து கீத்தப் பிரி தம்பி. செகரட்டரி கையால பிரிச்சாத்தான் மரியாத."

மறுநாள் ஒன்பது மணிக்கு அதிகாரியின் ஜீப் வந்தது. செஞ்சிக்கு எந்த அதிகாரி எதற்காக வந்தாலும் முதலில் கோட்டையைப் பார்த்துவிட வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். இவரும் கோட்டை வாசலில் இறங்கிக்கொண்டு, ஒரு மணி நேரத்தில் வருவதாகச் சொல்லி டிரைவரைக் கடைவீதிக்கு அனுப்பிவிட்டார். டிரைவர் நேரே இட்லிக்கடைக்கு வந்தார். ஜீப் எதிரே நின்றது. அக்கா என்னைப் பார்த்தாள். நான் ஜீப்பைப் பார்த்தேன்.

நான்கு இட்லி ஆனதும் அக்கா கேட்டாள். "தம்பி, வண்டில பெட்ரோலு இருக்குதா?"

"கொஞ்சந்தான் இருக்குது. திண்டிவனத்துல போட்டுக்கலாம்னாரு ஐயா."

"இன்னும் ரெண்டு வெக்கட்டா?"

"வைங்க."

"எங்களுக்கு ஒரு படி போதும். கூரைய காப்பாத்திக்கினு, லாரி வந்ததும் குடுத்துடறோம்."

டிரைவர் மென்றுகொண்டே நிலைமை முழுவதையும் கேட்டார். வடை வந்தது. இன்னொரு வடையும் வந்தது. பிறகு அவர் பெஞ்சில் திரும்பி உட்கார்ந்து ஜீப்புக்கு முதுகைக் காட்டினார்.

"நா கோட்டையப் பாத்துனு இருக்குறேன்," என்றார். "என்னா ஒசரம்!"

ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரிடம் ஒரு ரப்பர் குழாய் இரவல் வாங்கினேன். அது எந்த வைத்தியத்துக்கான குழாய் என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு முனையை ஜீப்பின் டாங்கில் விட்டு மறுமுனையை வாயால் உறிஞ்சினேன். வாய்க்குள் ஒரு மடக்கு வந்த பிறகுதான் பாத்திரத்துக்குள் வந்தது. எஞ்சின் டாங்கில் ஊற்றி, கயிற்றைச் சுற்றி இழுத்தேன். இரண்டாவது இழுப்பில் எஞ்சின் பெரிதாக இருமியது. மூன்றாவதில் ஓடியது.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். நான் வாய் கொப்பளிக்கக் கிணற்றடிக்குப் போனேன். பதினைந்து நிமிஷம் கொப்பளித்தேன். நாசம் நடந்தது அந்தப் பதினைந்து நிமிஷத்தில்தான்.

அதிகாரி வந்தார். கடைவீதி நடுவில் காய்ந்த கீற்றைக் குவித்து வைத்திருந்தோம். எல்லாம் தயார் என்ற சமயத்தில் தலைவர் தட்டில் கற்பூரத்தை ஏற்றிக்கொண்டு எஞ்சினை நோக்கி நடந்து வந்தார். புதுப் பெட்ரோல், திறந்த மூடி, பக்கத்தில் பெட்ரோல் மணக்கும் வாயோடு நான்.

"மொதலாளி!" என்று அக்கா போட்ட சத்தத்தில் அதிகாரியே ஓர் அடி பின்வாங்கினார். "கற்பூரத்த அப்பால எட்த்துனு போ! அங்கயே நின்னு காட்டு, சாமிக்குத் தெரியும்!"

தலைவர் இருபது அடி தள்ளி நின்று காட்டினார். கீற்றுக் குவியலுக்கு நெருப்பு வைத்தார்கள். இழுத்தேன், ஓடியது, தண்ணீர் பாய்ந்தது. ராஜகிரி உச்சிக்குப் போகவில்லை. மிட்டாய்க்கடைப் பலகைவரை போனது. தீ அணைந்தது. அதிகாரி நன்று என்றார். உத்தரவை அலுவலகம் போய் எழுதி அனுப்புவதாகச் சொல்லி ஜீப்பில் ஏறினார். எல்லோரும் கும்பிட்டோம்.

ஜீப் ஏரிக்கரைத் திருப்பம்வரை போய்த் திணறி, துள்ளி, நின்றுவிட்டது.

தலைவர் என்னருகில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "இன்னாபா ஆச்சு? நல்ல சரக்காத்தானே ஊத்துனேன்?"

"என்ன ஊத்துனீங்க?"

"நீ வாய் கொப்பளிச்சினு இருந்தியே, அப்ப. ஒரு படி எடுத்தோம், அளவுல கொற வெக்கலாமா? அந்த மண்டபத்து டின்ன முழுசாக் கவுத்துட்டேன். பழைய சரக்கு, நல்லா போவும்னு டிரைவரு கைல கூட சொன்னேன், கோட்டையப் பாத்துனே தலைய ஆட்னாரு."

முப்பது வருஷ வியாபாரத்தில் யாருக்கும் அளவு குறைக்காதவர் என்று அவருக்குப் பெயர். அந்தப் பெயர் என் கண்ணெதிரே ஜீப் உருவத்தில் நின்றுகொண்டிருந்தது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு கடைவீதிக்கே வந்தோம். என்னைத் திண்டிவனம் பஸ்ஸில் காலி டின்னோடு ஏற்றிவிட்டார்கள். போக வர, டின் நிரப்ப, கண்டக்டரிடம் கெஞ்சி டின்னை மேலே ஏற்ற, மூன்று மணி நேரம் ஆனது. கெஞ்சுவதற்கு நான் வாயைத் திறந்தபோதெல்லாம் கண்டக்டர் பீடியை அணைத்தார். வழியெல்லாம் ஒரே நினைப்பு. அதிகாரிக்குக் காரணம் தெரிந்திருக்கும். கூரை போய்விட்டது. அக்காவின் இரண்டு பெண்களும் என்னை எப்படிப் பார்ப்பார்கள்? நானே ஏணி வைத்து ஏறி முதல் கீற்றை எப்படி உருவுவேன்?

திரும்பி வந்து பார்த்தால், அதிகாரி அக்காவின் கொட்டகையில் பெஞ்சின் மேல் சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டுக்கொண்டு, காலை நீட்டி, விசிறியோடு தூங்கிக்கொண்டிருந்தார்.

அக்கா என்னைத் தனியே இழுத்துச் சொன்னாள். "மொதல்ல பக்கத்து டீக்கடைலதான் ஒக்கார வெச்சாங்க. அவந்தான் உத்தரவு வந்ததுமே கூரையப் பிரிச்சிட்டுத் தகரம் போட்டவனாச்சே. மூணு பக்கமும் பாற மல, மேல தகரம், உச்சி வெயிலு. அஞ்சு நிமிசம்கூட இல்ல, வேர்த்து ஊத்திக்கினு எழுந்து இங்க வந்துட்டாரு. மோரு குடுத்தேன். கூரைய ஒரு வாட்டி பாத்தாரு. காயிதம் குடுன்னாரு, உங்கடைலதான் வாங்கியாந்தோம். எழுதிட்டாரு."

"ஜீப் ஏன் நின்னுதுன்னு கேக்கலையா?"

"கேட்டாரு. கார்புரேட்டர்ல தூசின்னு டிரைவரு சொல்லிட்டாரு. நீ இல்லாதது நல்லதாப் போச்சி. இருந்திருந்தா உண்மையச் சொல்லித் தொலச்சிருப்ப."

டிரைவர் ஜீப்பின் டாங்கை வடித்து, புதுப் பெட்ரோலை ஊற்றி, ஸ்டவ் பின்னைக் கொண்டு கார்புரேட்டர் துவாரத்தைக் குத்திக்கொண்டிருந்தார். நான் உத்தரவை வாங்கிப் படித்தேன். கீற்றுக் கொட்டகைகள் இருக்கலாம் என்று தெளிவாக எழுதியிருந்தது. அடியில் ஒரு நிபந்தனை: எஞ்சினின் டாங்க் எந்நேரமும் விளிம்புவரை நிரம்பியிருக்க வேண்டும், திடீரென்று வந்து சோதிக்கப்படும்.

ஒன்பதாம் பக்கத்தோடு நிறுத்தியவன் நான் மட்டுமல்ல என்று ஓர் ஆறுதல்.

உத்தரவை மீறாமல் பெட்ரோலைக் கெடாமல் வைக்க அக்காதான் வழி கண்டுபிடித்தாள். ஒவ்வொரு அமாவாசை காலையிலும் எஞ்சினைக் கால் மணி ஓட்டுவது. பிறகு டாங்கிலுள்ளதை வடித்துக் கம்பவுண்டரின் மோட்டார் சைக்கிளுக்குக் கொடுப்பது; ஒரு மாதம்தான் ஆனதால் அது நன்றாகவே ஓடியது. உடனே புதிது ஊற்றி நிரப்புவது. ஊற்றுவதற்கு முன் அக்கா வந்து முகர்ந்து பார்த்து, ஊத்து என்று சொல்ல வேண்டும். ஸ்டவ் பின் எஞ்சினின் கைப்பிடியில் மஞ்சள் கயிற்றில் தொங்கியது. நான் கடையை விற்றுவிட்டு வெளியூர் வரும்வரை இது தவறவில்லை. சோதிக்க யாரும் வரவுமில்லை.

தலைவர் மட்டும் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. ஜீப்பிலிருந்து வடித்ததில் இரண்டு பாட்டிலை எடுத்துப்போய், கடையில் பழைய நெய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். மூட்டுவலிக்காரர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவக் கொடுத்து வந்தார். வலிக்குக் கேட்டதாகத்தான் பேச்சு.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகச் செஞ்சிக்குப் போயிருந்தேன். அக்காவின் கடை அதே இடத்தில், அதே கீற்றுக் கூரையோடு இருந்தது. பெண்களில் மூத்தவள் இட்லி ஊற்றினாள். பெஞ்சிலிருந்து எழுந்தபோது என் முழங்கால் சடக்கென்றது. அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"மண்டிக்காரரு கடைல இன்னும் ஒரு பாட்டிலு இருக்குது தம்பி," என்றாள். "இப்ப நல்லாவே பழசாயிருக்கும்."

வாங்கி வந்திருக்கிறேன். என் மேசையில்தான் இருக்கிறது. தடவுவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. இது சம்பந்தமாக ஏதாவது புத்தகம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.